ஐந்தாம் மாத ஸ்கேனில் இதையும் கேளுங்கள்!

என் நாத்தனாருக்கு முதல் குழந்தை ஆறாம் மாதத்திலேயே பிறந்து, தங்கவில்லை. "கண்ணு பட்டுட்டு" என்றே மாமியார் புலம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை உண்டானபோது, நாகர்கோவிலில் ஒரு லேடி டாக்டர், ஐந்தாம் மாத ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் அளந்தார். உள்வழியாக எடுக்கும் இந்த ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. 24 வாரத்துக்குள் அந்த நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைப்பிரசவ பயம் அதிகமாம். இவளுக்கு 19தான்! உடனே கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டார்கள். 1955-ல் இந்தத் தையல் முறையை வெளியிட்டவர் நம் நாட்டு டாக்டர்தான், பம்பாய் ஷிரோத்கர். 37-ம் வாரம் தையலைப் பிரித்தார்கள். சுகப்பிரசவம்; பெண் குழந்தை.

கர்ப்பப்பை வாய் இளகுகிறதா என்று பார்க்க 'எலாஸ்டோகிராபி' என்ற புது ஸ்கேனும் வந்திருக்கிறது. அது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அதைத் தேடி அலைய வேண்டாம்; நீளத்தை அளந்தாலே டாக்டருக்கு வழி தெரியும். எல்லோருக்கும் தையல் தேவைப்படாது. சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் மருந்தே போதும்.

முன்பு குறைப்பிரசவமோ, ஐந்தாறு மாதத்தில் கரு கலைந்ததோ உண்டா? சகோதரிகளே, அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். "வாய் நீளம் எவ்வளவு டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

- ஒரு வாசகி, தக்கலை.