எரிகிற இன்ஜினுக்குள் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், தெரியுமா?

ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜினுக்குள் வேண்டுமென்றே தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், தெரியுமா? வெறும் தண்ணீர்கூட இல்லை, பாதிக்குப் பாதி மெத்தனால் கலந்தது! அமெரிக்காவில் டாட்ஜ் ராம், ஃபோர்டு பிக்கப்களுக்குப் பெரிய டர்போ மாட்டி, டீசலையும் கூட்டி முறுக்கேற்றுகிறவர்களிடம் இது ரொம்பப் பிரபலம். அந்த ஊர்க் குளிரில் உறையாத, கண்ணாடி கழுவும் நீலத் திரவத்திலும் மெத்தனால் உண்டு. அதையே தொட்டியில் ஊற்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

எதற்கு? குளிர்விக்கத்தான்! ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் வேண்டும், கொதித்த அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க! பனிமூட்டம் மாதிரி நாசிலிலிருந்து தெறிக்கும் துளிகள் அந்த வெப்பத்தை எங்கிருந்து எடுக்கும்? டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றிலிருந்தும், சிலிண்டருக்குள்ளிருந்தும்தான்.

கொலராடோவில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் மிதித்தால் காற்று மெலியும், டீசல் மிஞ்சும், புகை கறுக்கும். வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் முள் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில்! பிஸ்டன் அலுமினியம்தானே? அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் அது பிழைக்கிறது. முள் அங்கேயே நெடுநேரம் நின்றால் ஆயிலும் போதாது, பிஸ்டன் தலை விரிசல் விடும், உருகும். தண்ணீர் பாய்ந்ததும் முள் மளமளவென்று இறங்கும்.

இது நேற்று வந்த வித்தையா? இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் 'எம்.டபிள்யூ 50' என்ற கலவை ஓடியது. பாதி மெத்தனால், மீதி தண்ணீர், துரு பிடிக்காமலிருக்க அரை சதவீதம் எண்ணெய். ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் போடக்கூடாது என்று கட்டளை! போருக்குப் பின் வந்த அமெரிக்காவின் கேசி-135ஏ ஜெட் விமானம் மேலெழும்பவே சுமார் 2,500 லிட்டர் தண்ணீரை இரண்டு நிமிடத்தில் குடித்துத் தீர்த்தது!

காருக்கும் வந்தது. 1962-இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். கலவைக்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர்! ஊற்ற மறந்து ஓட்டினார்கள் ஜனங்கள். தொட்டி காலியானால் டர்போ அழுத்தத்தைத் தானாகவே அடக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. இன்று கிட் வாங்கி மாட்டும் எல்லா பிக்கப்பிலும் அது இருக்கிறதா என்றால், இல்லை. டீசலைக் கண்டபடி ஏற்றிவிட்டுத் தண்ணீரை நம்பி ஓட்டுவது, என் கணக்கில், வட்டிக்கு வாங்கிய ஆயுளில் ஓட்டுவதுதான். பம்ப் நின்ற ஏற்றத்தில் அசலும் சேர்ந்து போகும்!

இன்னொன்று தெரியுமா? குளிர்ச்சியில் பெரும்பங்கு தண்ணீருடையது. மெத்தனாலும் கொஞ்சம் குளிர்விக்கும், ஆனால் அது எரிபொருளும்கூட! காற்றோடு கலந்தே உள்ளே போவதால், அளவு மிஞ்சினால் சிலிண்டர் அழுத்தம் எகிறும், ஹெட் தூக்கும், கேஸ்கெட் போகும். ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்குக்குக் கேஸ்கெட் ஏற்கெனவே தலைவலி. அதனால்தான் தெரிந்த மெக்கானிக்குகள் முதலில் கெட்டியான ஹெட் ஸ்டட் போடச் சொல்கிறார்கள். வண்டி நெடுநாள் உழைக்க வேண்டுமா, தண்ணீரைக் கூட்டு. பந்தயத்துக்கா, மெத்தனாலைக் கூட்டு, கூடவே ஸ்டட்டுக்கும் காசு எடுத்து வை.

மெத்தனால் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது! 1981 இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தில் மெத்தனாலில் ஓடிய ரிக் மியர்ஸின் கார் பிட்டில் பற்றியபோது சுடரே தெரியவில்லை. மனிதர்கள் தீயில் துடித்தார்கள்.

நிறுத்தி வைத்த வண்டியிலும் ஆபத்து உண்டு. நாசில் கசிந்து சிலிண்டரில் தண்ணீர் தேங்கினால், மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாதே! தடுப்பதற்கு ஒரு சின்ன சோலனாய்டு வால்வு போதும்.