எந்தத் தொண்டை?

ஆரணி பழைய தொண்டை மண்டலத்து ஊர். அந்தத் தொண்டைக்கும் நம் கழுத்துக்கும் உறவில்லை. கோவைக்கொடிக்கும் ஆதொண்டைக் கொடிக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. யானையின் துதிக்கைக்கும் அகராதி இதே சொல்லைத் தருகிறது. உடம்புக்குள் வந்த பிறகும் இந்தச் சொல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆரணியில் நெசவுத் தறிக்குழியிலிருந்து எழுந்து டாக்டரிடம் போகிறவர், "தொண்டை சரியில்லைங்க" என்பார். டாக்டருக்கு அது பாதி முகவரிதான்.

உள்ளே இருப்பவை

மருத்துவத்தில் தொண்டை என்பது மூக்குக்கும் வாய்க்கும் பின்னால் இறங்கும் தசைக்குழாய். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 12 செ.மீ. நீளம். காற்றுக்கும் சோற்றுக்கும் அது பொதுவழி. கீழே வழி இரண்டாகிறது: முன்னால் குரல்வளையும் மூச்சுக்குழலும், பின்னால் உணவுக்குழல். "சங்கைக் கடிச்சிடுவேன்" என்று சண்டையில் சொல்கிறோமே, அந்தச் சங்கு குரல்வளையின் குருத்தெலும்பு. தொண்டையைக் குறித்த மிடறு என்ற பழஞ்சொல் இன்று 'ஒரு மிடறு தண்ணீர்' என்பதில்தான் பிழைத்துக் கிடக்கிறது.

புரை ஏறுவது

தறியில் மிதிக்கட்டையை அழுத்தினால் பாவு பிரியும், நாடா ஓடும். கணக்குப் பிசகினால் இழை அறும். விழுங்குவதும் அப்படித்தான். குரல்வளை மேலேறி மூடிக்கொள்ள, மூச்சு ஒரு கணம் நிற்க, கவளம் பின்வழியே இறங்குகிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் கணக்குத் தப்பும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவதில் பாசம் உண்டு, பயன் இல்லை. இருமட்டும், விடுங்கள். இருமவோ பேசவோ முடியாமல் திணறினால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முன்னால் குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள்.

அண்ணாவுக்கு வந்தது

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார். தொண்டைப் புற்று என்றே பலர் இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு வந்தது உணவுக்குழல் புற்று. அவருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. தறியில் உட்கார்ந்த இடத்திலேயே வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்கிறேன் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது

குரல் 3 வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். முதலில் சோறு, பிறகு கஞ்சியும் இறங்கச் சிரமப்பட்டால் உணவுக்குழல். காதில் கோளாறு இல்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் வலித்தால் டான்சில் பக்கம்கூடக் காரணம் இருக்கலாம். கழுத்தில் வலியில்லாத கட்டி என்றால் நாள் கடத்தவே கூடாது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்த்துவிடுவார்; சில நிமிட வேலை. மேற்கொண்டு சிகிச்சை தேவைப்பட்டால் காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அண்ணா பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.