மிலானில் கோலாப்பூர்

ஒருவருடைய அந்தஸ்தைத் தலைப்பாகையைப் பார்த்து மதிப்பிட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது காலடியைப் பார்க்கிறார்கள்.

2025 ஜூன் மாதத்தில் இத்தாலியின் மிலான் நகரத்திலே பிராடா கம்பெனியார், அடுத்த வேனிற்காலத்துக்கான ஆடவர் உடைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றை அணிந்து நடந்து வந்த இளைஞர்களின் பாதங்களைப் பார்த்ததும் நம் நாட்டாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடடா! இது நமது கோலாப்பூர்ச் செருப்பு அல்லவா?

கம்பெனியார் அதற்கு இட்டிருந்த பெயரோ வெறும் "தோல் செருப்பு." ஊர்ப் பெயரும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை.

கருவேலம்பட்டை, கடுக்காய் முதலியவற்றால் பதனிட்ட தோலை, ஆணி அடிக்காமல் தோல் வாரினாலேயே தைத்துச் செய்வது இந்தச் செருப்பு. மகாராஷ்டிரத்தில் நான்கு ஜில்லாக்கள், கர்நாடகத்தில் நான்கு ஜில்லாக்கள் ஆகியவற்றுக்கே அந்தப் பெயர் உரியதென்று 2019-ல் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டிருக்கிறது.

மகாராஷ்டிர வர்த்தக சபையார் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார்கள். பிராடாவும் அது இந்தியக் கைத்தொழிலைத் தழுவியதே என்று ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில், இரு மாநிலங்களின் தோல் தொழிற் கழகங்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அப்பிரதேசத்துக் கைவினைஞர்களைக் கொண்டே 2,000 ஜோடி செய்விக்கப் போவதாக அறிவித்தது. விலை, ஜோடிக்குச் சுமார் 800 யூரோ. நம் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல்!

மகிழ்ச்சிதான். ஆனால் நமது கடைவீதியில் அதே செருப்புக்கு ஆயிரம் ரூபாய் சொன்னால், நூறாவது குறைக்காமல் நாம் நகருகிறோமா? பெயரை மறந்த மிலானைக் கோபித்துக்கொண்ட நாம், செய்த கைக்குக் கூலி கொடுக்க மறக்கலாகாது.