இடம் கிடைக்குமா? – வாய்ப்பைக் கணக்கிடுதலும் வாசலில் நிற்றலும்
(சிறுசேரியில் நிகழ்த்திய இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலையார் பிறந்த கோழியாளம் இதே செங்கற்பட்டுச் சீமையில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் படித்த காலத்தைப் பற்றித் தன் வரலாற்றுச் சுருக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று மற்ற பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். அப்படிப் படித்தவர்தான் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து 112 அடி நீளத்தில், 3,412 கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனுவை அனுப்பியவரும் அவரே.

அந்த மனுவைப் பலர் இன்றும் தவறாகப் படிக்கிறார்கள். தேர்வு இங்கே வந்தால் இந்தியர்களுக்கு நல்லதுதானே என்று கேட்கிறார்கள். அவர் கேட்டது வேறு கேள்வி: இந்தத் தேர்வு இந்த ஊரில், இந்த நிலைமையில் நடந்தால் யார் தேறுவார்கள்? தேறியவர்கள் யார்மேல் அதிகாரம் செலுத்துவார்கள்? எந்தத் தேர்வைப் பார்த்தாலும் 'யாருக்கு வாய்ப்பு' என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பாடம் நமக்கு அங்கிருந்து வருகிறது.

இன்று அதே கேள்வியை நம் வீடுகளில் வேறு மாதிரி கேட்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு, 'இவளுக்குப் பெரிய காலேஜில் இடம் கிடைக்குமா?' என்கிறார்கள். படிப்பாளியாக இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது என்று நாமும் பதில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பதில் சரியல்ல. வாய்ப்பு என்பது பிள்ளையின் மூளைக்குள் மட்டும் இருக்கும் பொருளல்ல. எந்த அளவுகோல், எந்தத் தரவரிசை, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதி, எத்தனை வருடம் என்ற ஐந்தும் சேர்ந்துதான் அது. இந்த ஐந்தையும் எண்ணக் கற்றுக்கொள்வது நம் இயக்க வேலை என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான்கு வாசல்கள்

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே தொடங்குவோம். சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குள் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. நாட்டிலேயே கணிதத்துக்குப் பெயர்பெற்ற நிறுவனங்களில் ஒன்று. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய மேலக்கோட்டையூரில் காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம். அங்கே ஜேஇஇ மெயின் தரவரிசை வேண்டும். குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்–ஆஃப் போடுகிறார்கள். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே நீட்.

தெற்குச் சென்னையும் செங்கல்பட்டும் சேர்ந்த இந்த ஒரே வட்டாரத்துக்குள் நான்கு வாசல்கள், நான்கு அளவுகோல்கள். நாவலூரிலோ தாழம்பூரிலோ இருக்கும் ஒரே பிள்ளைக்கு ஒரு வாசலில் நல்ல வாய்ப்பும் இன்னொன்றில் சொற்ப வாய்ப்பும் இருக்கலாம். பிள்ளை மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

இதற்கு நாம் மறக்க முடியாத சாட்சி குழுமூர் அனிதா. அரியலூர் மாவட்டத்துச் சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176. பொறியியல் கட்–ஆஃப் 199.75, மருத்துவக் கட்–ஆஃப் 196.75. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் இடம் அவருக்குக் கிடைத்திருந்தது. நீட் தேர்விலோ 720-க்கு 86. ஒரு வாசலில் முதல் வரிசையில் நின்றவரை இன்னொரு வாசல் உள்ளேயே விடவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போய்ப் போராடியவரை அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று இழந்தோம். 'தகுதி' என்ற சொல்லை யாராவது உங்கள் முன்னால் போட்டால், எந்த அளவுகோலில் என்று கேளுங்கள்.

அச்சுறுத்தும் எண்ணும் உதவும் எண்ணும்

இனி ஐஐடியை எடுத்துக்கொள்வோம். 2024-இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இடங்கள் 17,740. எண்பது பேருக்கு ஒரு இடம். பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் நமக்குக் காட்டுவது இந்த எண்ணைத்தான். இதைக் கேட்ட தாய் தகப்பன் பிள்ளையை விண்ணப்பிக்கவே விடுவதில்லை.

ஆனால் உங்கள் பிள்ளை 14 லட்சம் பேரோடு ஒரே வரிசையில் நிற்கவில்லை. மெயின் தேர்விலிருந்து அட்வான்ஸ்டு தேர்வுக்கு மொத்தம் இரண்டரை லட்சம் பேரை எடுக்கிறார்கள். அதில் 15 சதவீதம், அதாவது 37,500 பேர், பட்டியல் சாதி மாணவர்கள். இடங்களிலும் 15 சதவீதம். 2024 கணக்கில் ஏறத்தாழ 2,660. ஆக, அட்வான்ஸ்டு வாசலைத் தாண்டிய எஸ்.சி. மாணவருக்குப் போட்டி 14 பேருக்கு ஒரு இடம். கடினம்தான். ஆனால் எண்பதில் ஒன்றுக்கும் பதினான்கில் ஒன்றுக்கும் உள்ள தூரத்தில்தான் விண்ணப்பிப்பதும் விண்ணப்பிக்காமல் விடுவதும் இருக்கிறது.

அடுத்தது தரவரிசை. தேர்வு முடிவில் பொதுத் தரவரிசை வேறு, எஸ்.சி. தரவரிசை வேறு. முன்னது எல்லோருக்கும் நடுவில் உங்கள் இடம். பின்னது பட்டியல் சாதி மாணவர்களுக்குள் உங்கள் இடம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நம்பிக்கை இழப்பவர்கள் ஏராளம். ஜோசா கலந்தாய்வு இணையதளத்தில் ஒவ்வொரு ஆண்டும் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, இட ஒதுக்கீட்டுவாரியாகக் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை வெளியாகிறது. எஸ்.சி. பிரிவில் அந்தக் கடைசி எண்ணை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து, உங்கள் எஸ்.சி. எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று ஆண்டும் உங்கள் எண் உள்ளே இருந்தால் வாய்ப்பு உறுதிக்கு அருகில். ஓராண்டு உள்ளே, ஓராண்டு வெளியே என்றால் முயன்றே ஆக வேண்டும். மூன்று ஆண்டும் வெகுதூரம் வெளியே என்றால் வேறு பிரிவு, வேறு கல்லூரி பார்க்க வேண்டும். கூட்டல் கழித்தல் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம்.

இதோடு சேர்த்து இரண்டு செய்திகள். ஒன்று, பொதுத் தரவரிசையிலேயே இடம் பெறும் எஸ்.சி. மாணவர் பொது இடத்தில்தான் சேர்கிறார்; ஒதுக்கீட்டு இடம் குறையாது. இன்னொன்று, விருப்பப் பட்டியலில் கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் எழுதாதீர்கள். விரும்புவதை விரும்பும் வரிசையில் எழுதுங்கள். உங்கள் எண்ணுக்கு எட்டும் முதல் விருப்பத்தையே கணினி ஒதுக்கும். எட்டாத ஒன்றை மேலே எழுதியதால் கீழே உள்ளதை இழக்க மாட்டீர்கள்.

'பாதி மதிப்பெண்ணில் வருகிறவர்கள்' என்ற ஏளனத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2024-இல் பொதுத் தரவரிசைப் பட்டியலில் இடம்பெறவே தேவைப்பட்ட குறைந்தபட்சம் 360-க்கு 109. அதாவது 30 சதவீதம். எஸ்.சி. பட்டியலுக்கு 54. நூற்றுக்கு முப்பது எடுத்தவரைத் தகுதியின் சிகரம் என்று கொண்டாடும் தேர்வு இது. ஆட்களை வடிகட்டுவதற்கென்றே கடினமாக்கிய தாள், அறிவை அளக்கும் தராசு ஆகாது.

சான்றிதழ் என்ற வாசல்

மதிப்பெண் இருந்தும் காகிதத்தில் தோற்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. எஸ்.சி. சான்றிதழ் தாசில்தாரிடம், பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியரிடம். பழங்குடிச் சான்றிதழுக்காக இருளர் குடும்பங்கள் எத்தனை முறை நடக்கின்றன என்பது இந்த மாவட்டத்தில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் தேடத் தொடங்கினால் ஜூனில் கையில் இருக்காது. பதினோராம் வகுப்பிலேயே வாங்கிவிட வேண்டும்.

மதம் மாறிய குடும்பங்களுக்கு இன்னொரு அநீதி. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றும் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில், ஒரே சேரியில் வளர்ந்த பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே மதிப்பெண் எடுத்தாலும், ஒருவர் எஸ்.சி., மற்றவர் ஓ.பி.சி. இருவருக்கும் கடைசித் தரவரிசை வேறு. அந்தப் பிள்ளையின் வாய்ப்பை ஓ.பி.சி. எண்ணை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழும் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் தவறான நம்பிக்கை கொடுத்தவர்களாவோம்.

மாநிலக் கலந்தாய்வில் நமக்கு 18 சதவீதம். அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம்: மருத்துவத்தில் 2020 முதல், பொறியியலில் 2021 முதல். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் வரா. ஆறாம் வகுப்பில் பிள்ளையை எங்கே சேர்த்தோம் என்பது ஏழு வருடம் கழித்து அவள் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. எனவே இந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பெற்றோரிடமே பேச வேண்டும்.

பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்

கடைசி வாசல் பணமும் நேரமும். 2016 முதல் ஐஐடிகளில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. ஆனால் இடத்தை ஏற்கும்போது ஒரு தொகை கட்ட வேண்டும்.

உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் இளைஞர் அதுல் குமார். தினக்கூலித் தொழிலாளியின் மகன். 2024-இல் எஸ்.சி. தரவரிசை 1,455. தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பம் பணத்தைத் திரட்டிக் கொண்டுவந்தபோது நேரம் முடிந்துவிட்டது. அவருக்கு அதுவே இரண்டாவது, கடைசித் தேர்வு. பட்டியல் சாதியினர் ஆணையத்தின் கதவைத் தட்டினார். அந்த ஆண்டுத் தேர்வைச் சென்னை ஐஐடி நடத்தியதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்திக் கூடுதல் இடம் உருவாக்கி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. 2021-இல் மும்பை ஐஐடி இடத்துக்காகப் பிரின்ஸ் ஜெய்பீர் சிங் என்ற தலித் மாணவரும் இதேபோல் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அங்கே பணம் கட்டும்போது தொழில்நுட்பக் கோளாறு.

இரண்டு பேரும் வென்றார்கள், மகிழ்ச்சி. ஆனால் நீதிமன்றம் போகத் தெரியாமல் வீட்டோடு இருந்துவிட்டவர்களின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. எந்த வாய்ப்புக் கணக்கீட்டிலும் '17,500 ரூபாய் இன்று மாலைக்குள் கிடைக்குமா?' என்ற வரி இல்லை. நம் கணக்கில் அது இருக்க வேண்டும்.

வாங்கப்படும் வருடங்கள்

நீட் பற்றி ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016–17-இல் 12.47 சதவீதம், 2020–21-இல் 71.42 சதவீதம். வேலைக்குப் போகாமல் ஒரு வருடம் வீட்டில் இருந்து படிக்க யாரால் முடியும்? அந்த வருடத்துக்குப் பயிற்சி மையத்துக்குக் கொடுக்க யாரிடம் பணம் இருக்கிறது? வாய்ப்பை வருடங்களாக விலைக்கு வாங்க முடிகிறது. வாங்க முடியாதவரைத் தகுதியற்றவர் என்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

'இப்படியெல்லாம் கணக்குப் போடுவது அநீதியான தேர்வை ஏற்றுக்கொள்வதாகாதா?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை ஒழித்தது போல மற்றவற்றையும் மாற்றப் போராட வேண்டும். ஆனால் சட்டம் மாறும்வரை இந்த ஜூனில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. இரட்டைமலையாரும் இரண்டையும் செய்தார். தேர்வின் நியாயத்தைக் கேள்வி கேட்டார். கிடைத்த வாசல் வழியாக வட்டமேசை மாநாட்டுக்கும் போனார்.

ஒவ்வொரு பகுதியிலும் இந்தக் கணக்கு தெரிந்த இரண்டு பேர் வேண்டும். ஏற்கெனவே கல்லூரியில் இருக்கும் மாணவர்களே, அது நீங்கள்தான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு, சிறுசேரிக் கழகத்தின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாக இருப்பதைச் சொல்லுங்கள். கலந்தாய்வு நாட்களில் ஒரு மடிக்கணினியோடும் தடையில்லாத இணைய இணைப்போடும் படிப்பகத்தில் உட்காருங்கள். இட ஏற்புத் தொகைக்கு ஒரு பொது நிதி வையுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கான தொகை கையிருப்பில் இருந்தால்கூடப் போதும், திருப்பிக் கட்டும்போது அது அடுத்தவருக்கு ஆகும். இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு முடிவு வந்த அன்றே போங்கள். கிடைத்த பிள்ளையை விடுதிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, முதல் வருடம் முழுக்கத் தொடர்பில் இருங்கள். ரோஹித் வெமுலாவுக்குப் பிறகு, சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நாம் சொல்ல முடியாது.

'கிடைக்குமா?' என்று ஒரு தாய் கேட்டால், இனி நாம் அவரோடு உட்கார்ந்து பிள்ளையின் எஸ்.சி. எண்ணையும் மூன்று ஆண்டுக் கடைசி எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுவோம். கட்ட வேண்டிய தேதியையும் தொகையையும் அதே தாளின் கீழே எழுதுவோம். அந்தத் தேதியில் அவர் தனியாக இருக்க மாட்டார் என்றும் சொல்வோம்.

ஜெய்பீம்.