வளர்ச்சிப் பங்குகள்: கொச்சி சொல்லும் பாடம்

திருப்பூணித்துறைத் தமிழ்க் குடும்பங்களில் சேமிப்பு என்றால் பொன், சிட்டி, வங்கி வைப்பு. "ஷேரா? அது சூதாட்டமாச்சே!" என்பார்கள் பெரியவர்கள். அவசரப்படுகிறவனுக்கு அது உண்மைதான்.

லாபத்தின் பெரும்பகுதியை டிவிடெண்டாகப் பிரித்துத் தராமல், தொழிலிலேயே மறுபடி போட்டு வேகமாக வளரும் கம்பெனியின் பங்கே வளர்ச்சிப் பங்கு. கொச்சியிலேயே உதாரணம் உண்டு. 1977-இல் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கிய வி-கார்டு, பின்னர் மின்கம்பி, பம்பு, ஃபேன் என்று விரிந்தது. 2008-இல் பங்கு ஒன்றை ரூ. 82-க்கு வெளியிட்டது. அதே ஆண்டு சந்தை பாதிக்கும் கீழே சரிந்தது. பயந்து விற்காதவர்களுக்கு 2016-இல் ஒரு பங்கு பத்தாகப் பிரிந்தது. 2017-இல் ஐந்துக்கு இரண்டு போனஸ். ஆக, ஒன்று 14 ஆனது. 2024-இல் ஒவ்வொன்றும் ரூ. 250-க்கு மேல். பிரிப்பதால் மட்டும் பணம் பெருகாது. தொழில் வளர்ந்ததே காரணம்.

அதுக்காக எந்த விலைக்கும் வாங்கலாமா? கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் பங்கு 2024 ஜூலையில் ரூ. 2,900-ஐத் தாண்டியது, 2025 தொடக்கத்தில் அதில் பாதிகூட இல்லை.

ஆகவே அன்பர்களே, ஐந்தாண்டு லாபம், கடன், லாபத்துக்கு எத்தனை மடங்கு விலை என்ற மூன்றையும் பாருங்கள். ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் போடாதீர்கள். பெண் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை இதில் தொடவே வேண்டாம்.