விரிசலை அடைக்கும் முன்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியும் வங்கக் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலும் அமைந்த பெருங்குடி போன்ற பகுதிகளில், பால்கனியின் அடியிலோ சன்ஷேடின் ஓரத்திலோ விரிசல் தோன்றினால், சிமென்ட் குழைத்து அடைத்து வண்ணம் பூசிவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. காரணம் அறியாமல் செய்யப்படும் அப்பூச்சு சேதத்தை மறைப்பதுடன், பல வேளைகளில் அதனை விரைவுபடுத்தியும் விடுகிறது.

விரிசல் ஓடும் திசையே முதல் தடயம். தூணுக்கு அருகே விட்டத்தில் சாய்வாக ஏறும் விரிசல், சுமையைத் தாங்கும் வலு குறைந்திருப்பதைக் காட்டக்கூடும் என்பதால் உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். கம்பியின் போக்கிலேயே நீண்டு பழுப்புக் கறை கசியும் விரிசலோ பெரும்பாலும் துருவினால் வருவது. புதிய கான்கிரீட்டின் மிகுந்த காரத்தன்மை கம்பியின் மேல் நுண்ணிய காப்புப் படலத்தை நிலைநிறுத்துகிறது. அது சிதைந்தபின் உருவாகும் துரு, இரும்பைவிடப் பன்மடங்கு கன அளவு பெருகி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

படலத்தைச் சிதைத்தது எது என்பதே ஆய்வின் மையக் கேள்வி. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மெல்ல ஊடுருவிக் காரத்தைக் குறைத்திருக்கலாம். அல்லது உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டியிருக்கலாம். புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சிய இடம் இளஞ்சிவப்பாகும். இழந்த இடம் நிறமற்றிருக்கும். கம்பியைச் சுற்றி இளஞ்சிவப்பு தோன்றியும் அது துருப்பிடித்திருந்தால் குளோரைடையே ஐயுற வேண்டும். வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு எடுத்த தூளைச் சோதிக்கையில், குளோரைடு உள்நோக்கிக் குறைந்துகொண்டே சென்றால் அது கடற்காற்று போன்ற புறச்சூழலிலிருந்து வந்தது என்றும், எல்லா ஆழத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கலவைக்கு ஊற்றிய உவர்ப்பான போர் தண்ணீரோ உப்பு கலந்த மணலோ கொண்டுவந்தது என்றும் கொள்ளலாம். கம்பிக் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர விதி வரையறுத்திருப்பது இதனாலேயே.

ஒற்றைச் சோதனையை நம்புவது தவறு. மோதி மீளும் அளவைக் கொண்டு வலிமையை மதிப்பிடும் சுத்தியல் கருவி, கார்பன் டைஆக்சைடால் இறுகிய மேற்பரப்பில் உண்மையைவிட மிகையாகக் காட்டும். 2021இல் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கைபட்டதும் பூச்சு உதிர்ந்தபோது சென்னை ஐஐடி வல்லுநர்களிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது சரியான வழியே. பூச்சின் குறையும் கட்டமைப்பின் குறையும் வேறு வேறானவை, வெறுங்கண்ணால் அவற்றைப் பிரித்தறிய இயலாது.

குளோரைடு ஊறிய கான்கிரீட்டில் உதிர்ந்த பகுதியை மட்டும் பெயர்த்துப் புதுக் கலவை நிரப்பினால், பழையதற்கும் புதியதற்கும் இடையே மின்வேதி வேறுபாடு தோன்றி, ஒட்டுக்கு வெளியே உள்ள கம்பி அரிபடத் தொடங்குகிறது. எனவே செம்பு–செம்புச் சல்பேட் மின்முனையை மேற்பரப்பில் வைத்துக் கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து, −350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மமான இடங்களை முதலில் குறித்துக்கொண்டால், கண்ணுக்கு இன்னும் புலப்படாத அரிப்பின் பரப்பும் வரைபடமாகக் கிடைக்கும். எதுவரை பெயர்க்க வேண்டும் என்பதை அவ்வரைபடத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.