வாளியில் இறந்த முருகைக்கல்

விடுதியில் என் கட்டிலுக்கு மேலே ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறேன். பச்சை, ஊதா, மண்ணிற முருகைக்கற்கள் நிறைந்த ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி. பார்க்கிற தோழிகள் எல்லோரும், "இது கடலா, தொட்டியா?" என்று கேட்பார்கள். தொட்டிதான் என்றதும் அடுத்த கேள்வி வரும்: "அப்போ நாங்களும் வீட்டில ஒன்று வைக்கலாமா?"

வைக்கலாம். ஆனால் அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை பல. அவற்றைத் தெரியாமல் நான் ஒரு முருகைக்கல்லைக் கொன்றிருக்கிறேன். தெரிந்துகொண்ட என் வாப்பா அந்தப் படத்தில் உள்ளவற்றை நான்கு வருடங்களாக வளர்த்து வருகிறார். இரண்டையும் சொன்னால்தான் விளக்கம் முழுமையாகும்.

எங்கள் ஊர் இலுப்பைக்கடவை, மன்னாரிலிருந்து பூநகரி போகும் வீதியில் இருக்கிறது. எங்கள் பக்கக் கடல் ஆழம் குறைந்தது, சேறு நிறைந்தது. கரையில் கண்டல் மரங்களும் தண்ணீருக்குள் கடற்புற்களும் உண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் அது நல்ல இடம், முருகைக்கல்லுக்கு அல்ல. அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக் கடல்களில் முருகைக்கற் பாறைகள் இருக்கின்றன.

சிலாவத்துறையில் தொழில் செய்யும் என் மாமாவின் வலையில் ஒரு நாள் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று சிக்கி வந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அடம்பிடித்து அதை ஒரு வாளிக் கடல்நீரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முற்றத்தில் வெயில் படும் இடத்தில் வைத்தேன். தண்ணீர் வற்றியபோது கிணற்று நீரை அள்ளி ஊற்றினேன். மூன்றாம் நாள் அது வழுவழுத்து நாற்றம் எடுத்தது. உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு தென்னையடியில் கொட்டினார். ஒரு வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சியது.

அன்றிரவு வாப்பா கோல் எடுத்தபோது அழுதேன். வாப்பா கட்டாரில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறார். "மகள், அது கல் இல்லை, உயிர். எங்கட ஒபிசிலயும் ஒரு தொட்டி வைக்கப் போறாங்க. அதைப் பார்க்கிற பொறுப்பை எனக்குத்தான் தந்திருக்காங்க. நானும் படிக்கத்தான் வேணும்" என்றார். அன்றிலிருந்து அவர் அங்கே கற்றதை எனக்குச் சொல்வார். நான் உயிரியல் பாடத்தில் படித்ததை அவருக்குச் சொல்வேன்.

முருகைக்கல் ஒரு விலங்கு. சரியாகச் சொன்னால், பல நூறு சிறு விலங்குகளின் கூட்டம். ஒவ்வொன்றும் நடுவில் வாயும் சுற்றிலும் பரிசக் கொம்புகளும் கொண்ட ஒரு பொலிப்பு. கடல்நீரில் கரைந்துள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தன் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டுகிறது. அதன் இழையங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் ஒளித்தொகுப்புச் செய்து, தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியை முருகைக்கல்லுக்குக் கொடுக்கின்றன. பதிலாக இருப்பிடமும் காபனீரொட்சைட்டும் பெறுகின்றன. ஒன்றியவாழ்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரு காலத்தில் பெரிய காட்சியகங்களில்கூட இவற்றை உயிரோடு வைத்திருப்பது அரிது. காட்சிக்கு வைத்தவை பெரும்பாலும் இறந்த வெள்ளைக் கூடுகளே. 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடற்பாறைத் துண்டுகள், காற்றுக் குமிழிகள், சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டே முருகைக்கல் வளர்க்கும் தன் முறையை எழுதினார். அந்தப் பாறைத் துண்டுகளில் இருந்த பற்றீரியாக்கள்தான் தொட்டியைச் சுத்தம் செய்தன. மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும். இந்தப் பற்றீரியாக்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அதுவரை தொட்டியில் எதையும் விடக்கூடாது. வாப்பாவின் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வெறும் கல்லும் தண்ணீருமாகத்தான் தொட்டி இருந்ததாம். வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்களாம்.

இனி உப்பு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. 60 லீற்றர் தொட்டியில் மொத்தம் 2100 கிராம். மூன்று லீற்றர் ஆவியானால் உப்பு ஆவியாகாது; அதே 2100 கிராம் 57 லீற்றரில் இருக்கும். அதாவது லீற்றருக்குக் கிட்டத்தட்ட 37 கிராம். கடலில் இப்படி ஒரு மாற்றம் ஓரிரு நாளில் நடக்காது. வாளியில் மணிக்கணக்கில் நடந்துவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நாள்தோறும் உப்பில்லாத தூய நீர் விட வேண்டும். உப்புநீர் விட்டால் உப்பு இன்னும் கூடும். கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டாம்; எங்கள் மாவட்டத்தில் குடிப்பதற்கு வாங்குகிறோமே, அந்த ஆர்.ஓ. தண்ணீர்தான் ஏற்றது. வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை அகற்றி, அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள புதிய உப்புநீரைச் சேர்ப்பது நல்லது.

வெளிச்சம் அல்காக்களுக்காக. நீல ஒளி கூடிய எல்.ஈ.டி. விளக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதும். புதிதாக வைத்த முருகைக்கல்லை முதலில் மங்கலான இடத்தில் வைத்து, சில வாரங்களில் மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்க வேண்டும். நீரோட்டமும் தேவை. நகர முடியாத உயிருக்கு உணவையும் ஒட்சிசனையும் கொண்டுவருவதும் கழிவைக் கழுவிச் செல்வதும் ஓடும் நீர்தான். என் வாளியில் அது இல்லவே இல்லை.

கூடு கட்டும் வகைகளுக்குக் கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். வளர வளர அது குறையும். சோதித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் விடவே கூடாது. மீனைக் காப்பாற்றும் மருந்து முருகைக்கல்லைக் கொன்றுவிடும்.

கடைசியாக வெப்பம். 25 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. வாப்பாவின் தொட்டிக்குத் தனியாகக் குளிரூட்டி இல்லை, அறையின் ஏ.சி.தான் அதற்கும் குளிர். இரண்டாம் வருடம் ஹஜ் பெருநாள் விடுமுறையில் யாரோ ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். நான்காம் நாள் வாப்பா கதவைத் திறந்தபோது வெப்பமானி 33 காட்டியது. ஏழு முருகைக்கற்களும் வெளிறிப் போயிருந்தன. அன்று கோலில் அவர் குரலே மாறியிருந்தது. "வேலை போனாலும் பரவாயில்லை மகள், அமானிதமாத் தந்த உயிர்கள்" என்றார்.

வெளிறுதல் என்றால் என்ன? சூடு கூடும்போது அல்காக்களின் ஒளித்தொகுப்புக் குழம்பி, நச்சுப் பொருட்கள் உண்டாகின்றன. முருகைக்கல் அல்காக்களை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், ஒளிபுகும் தோலுக்கு அடியில் வெள்ளைக் கூடு தெரிகிறது. ஆனால் வெளிறிய முருகைக்கல் இன்னும் இறக்கவில்லை, பட்டினி கிடக்கிறது. வாப்பா ஐஸ் கட்டிகளைப் போடவில்லை. ஏ.சி.யைப் போட்டு மெதுவாகக் குளிரவைத்தார். விளக்கின் ஒளியைக் குறைத்தார். சிறிது சிறிதாக நீர் மாற்றினார். இரவில் பரிசக் கொம்புகள் விரியும் நேரம் நுண்ணிய உணவு கொடுத்தார். இரண்டு இறந்தன. ஐந்துக்கு மூன்று மாதத்தில் நிறம் திரும்பியது. என் கட்டிலுக்கு மேல் உள்ள படம் அதன் பிறகு எடுத்தது.

நான்கு நாள் சூடு ஒரு தொட்டிக்குச் செய்ததை, வாரக்கணக்கான சூடு கடலுக்கும் செய்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி நான்கு வாரம் நீடித்தாலே வெளிறுதல் தொடங்கிவிடும். 1990 இல் எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தது. அதற்கு அருகே கற்பிட்டிக் கடலில் உள்ள பார் ரீவ் பாறைத்தொடரில் ஆழம் குறைந்த பகுதியின் முருகைக்கற்களில் பெரும்பாலானவை 1998 இன் சூட்டில் அழிந்தன. 2016 இலும் நம் கடல்கள் வெளிறின. வளைகுடாவின் மறுகரையான தூத்துக்குடியில், சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2002 முதல் முருகைக்கல் துண்டுகளைக் கொங்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். கடலுக்கு ஏ.சி. போட முடியாது, சிதைந்த பாறைக்கு இப்படிக் கைகொடுக்கலாம்.

வீட்டில் வைக்க விரும்பும் தோழிகளுக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள். நம் கடலிலிருந்து எடுக்க நினைக்க வேண்டாம். கல் முருகைகள் இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. நானும் மாமாவும் அன்று செய்தது குற்றம் என்று பின்னர்தான் அறிந்தோம். வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். சிறிய தொட்டி மலிவு என்று நினைக்க வேண்டாம். நீர் குறையக் குறைய எல்லாம் வேகமாக மாறும். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறக்க வேண்டாம். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று இருக்க வேண்டும். பொத்தான் போல் கொத்தாக வளரும் சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போடவோ தேய்க்கவோ கூடாது. சின்னப்பிள்ளைகள் கை வைக்கவும் கூடாது.

முருகைக்கல் நம்மிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. நேற்று இருந்தது போல இன்றும் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. அதை நாள்தோறும் கொடுக்க முடிந்தவர் வைக்கலாம்.

கடந்த ஏப்ரலில் வாப்பா விடுமுறையில் வந்தார். நான்கு வருடம் கண்ணாடிக்குள் வளர்த்தவர், நம் கடலில் உள்ளதைப் பார்த்ததே இல்லை. மாமா எங்கள் இருவரையும் சிலாவத்துறையிலிருந்து படகில் கொண்டுபோனார். காற்றில்லாத காலை, அடியில் மண்ணிறத்தில் முருகைக்கற்கள் தெரிந்தன. இடையிடையே வெளிறிய திட்டுகளும் தெரிந்தன. வாப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அலுவலகத்தில் தினமும் செய்வது போல, தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கு, மகள்" என்றார்.